சுடுவது ஒன்று, சேராதது வேறொன்று

காரைக்குடி செக்காலையில் ஒரு பழைய வீட்டைப் பழுது பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாங்கட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் வந்து இறங்கியிருக்கிறது. கலவை போடும் சித்தாள் வேலைக்குப் புதியவர், வயது இருபது. கல் பதிக்கும் கொத்தனாருக்கு இதில் இருபத்தைந்து வருடப் பழக்கம். முதல் நாள் சாயங்காலமே சித்தாளின் விரலிடுக்குகள் வெந்து சிவந்துவிடுகின்றன. கொத்தனாருக்கு அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் இரவு புறங்கையிலும் மணிக்கட்டிலும் ஊறல் எடுக்கிறது. அதற்கடுத்த நாள் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி நீர் வடிகிறது. இருவரும் ஒரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். 'சிமெண்டு அலர்ஜி' என்ற ஒரே பெயரோடும் ஒரே களிம்போடும் திரும்பி வருகிறார்கள்.

இருவருக்கும் வந்தது ஒரே நோய் அல்ல. சித்தாளைச் சிமெண்ட் சுட்டது. கொத்தனாருக்குச் சிமெண்ட் சேராமல் போனது. சித்தாள் நல்ல கையுறை மாட்டிக்கொண்டு, நனைந்த கலவை கையில் தங்காமல் பார்த்துக்கொண்டால் வாழ்நாள் முழுதும் இந்த வேலையைச் செய்யலாம். கொத்தனாரோ தான் கற்ற ஒரே தொழிலைத் தொடர முடியுமா என்றே யோசிக்க வேண்டிய நிலையில் நிற்கிறார். இவ்வளவு தூரம் விலகிய இரண்டு நிலைமைகளை 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

தமிழில் இதற்கு இரண்டு வினைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 'சுட்டுவிட்டது', 'வெந்துவிட்டது' என்பது ஒன்று. 'சேரவில்லை', 'ஒத்துக்கொள்ளவில்லை' என்பது மற்றொன்று. சுடுவது பொருளின் குணம். சேராமல் போவது பொருளுக்கும் ஓர் ஆளுக்கும் இடையில் உண்டான உறவு. மருத்துவ நூல்கள் முதலாவதை எரிச்சலூட்டி என்றும் இரண்டாவதை ஒவ்வாமையூட்டி என்றும் சொல்கின்றன. இந்தக் கட்டுரையில் சுடுபொருள், சேராப்பொருள் என்று எளிமையாகவே வைத்துக்கொள்கிறேன். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதும், ஆய்வகங்கள் இவற்றை எப்படிப் பிரித்தறிகின்றன, எங்கே தடுமாறின என்று காட்டுவதும் இதன் நோக்கம்.

அளவும் ஆளும்

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகும். யாருடைய நாக்கு என்று சுண்ணாம்பு பார்ப்பதில்லை. மெல்லிய தோல் உள்ளவருக்குச் சற்று முந்தியும் தடித்த தோல் உள்ளவருக்குச் சற்றுப் பிந்தியும் சுடும், அவ்வளவுதான் வித்தியாசம். அமிலம், காரம், சலவைத்தூள், தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் இந்த வகை. நாள் முழுதும் கை ஊறினால் வெறும் தண்ணீரும் இதில் சேரும். அளவைக் குறைத்தாலோ நேரத்தைக் குறைத்தாலோ தீங்கு குறையும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி சுடுபொருளுக்கு அப்படியே பொருந்தும்.

சேராப்பொருளின் கணக்கு வேறு. சேங்கொட்டையை எடுத்துக்கொள்வோம். துணி வெளுப்பவர்கள் எந்த உருப்படி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்கு இந்தக் கொட்டையின் பாலால் குறி போடுவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பும் கொப்புளமும் வந்தன. சட்டையில் சலவைக் குறி பட்ட இடத்தில்தான் அவை கிளம்பின என்று அந்தப் படையின் மருத்துவர்கள் 1943-இல் எழுதினார்கள். கொட்டையின் பச்சைப் பாலை நேரே பூசினால் யாருக்கும் புண்ணாகும். இங்கே தோலில் பட்டதோ காய்ந்து, துவைத்து, தேய்த்த துணியில் மிஞ்சிய ஒரு சிறு கறை. பலருக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சிலரை மட்டும் தேடிப்பிடித்தது. அமெரிக்கக் காடுகளில் உள்ள விஷக்கொடியும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். மாவும் முந்திரியும் கூட அந்தக் குடும்பம்தான். முன்பே விஷக்கொடியைத் தொட்டுத் தோல் அதை அறிந்துகொண்டிருந்தால், இந்த ஊர்க் குறி அந்தத் தோலுக்கு அந்நியமாகத் தெரியாது.

ஆக, சுடுபொருளைப் பற்றி 'எவ்வளவு' என்று முதலில் கேட்க வேண்டும். சேராப்பொருளைப் பற்றி 'யாருக்கு' என்று முதலில் கேட்க வேண்டும். சேராப்பொருளுக்கும் ஓர் அளவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு அந்த அளவு மற்றவர்கள் கவனிக்கவே மாட்டாத அளவுக்குச் சிறியது.

மணிக்கணக்கும் நாள்கணக்கும்

சுடுபுண் பெரும்பாலும் உடனே தெரியும். கடும் காரம் நிமிடங்களில் காட்டும். சோப்பும் தண்ணீரும் நாள்பட்டுத் தோலை வறளவைத்து வெடிக்கவைக்கும். முதல் தொடுதலிலேயே வரலாம். எரிச்சலும் வலியும் முந்தி நிற்கும். பட்ட இடத்தோடு நிற்கும். பொருளை விலக்கியதும் இறங்கத் தொடங்கும்.

ஒவ்வாமை அப்படி வருவதில்லை. முதல் தொடுதலில் வெளியே ஒன்றும் தெரியாது. உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு, அதற்கென்று ஒரு படையைத் தயாரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொட்ட பிறகே அந்தத் தயாரிப்பு தொடங்கும். தயாரான பிறகு மறுபடி தொட்டால், 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் ஊறல் எடுத்துக் கொப்புளம் கிளம்பும். பொருளை விலக்கிய பின்பும் ஓரிரு நாள் ஏறிக்கொண்டே போகும். பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று மனித உறவுக்குச் சொன்னது, தோலுக்கும் இந்தப் பொருள்களுக்கும் உள்ள உறவில் வரிக்கு வரி உண்மையாகிறது. 'இருபத்தைந்து வருசமா இதே சிமெண்டுலதான் கை வைக்கிறேன், இப்ப மட்டும் ஏன்' என்று கேட்கும் கொத்தனாருக்கு, அந்த இருபத்தைந்து வருடமே பதில்.

இந்தக் கால வேறுபாட்டின் மேல்தான் தோல் மருத்துவரின் முக்கியமான சோதனையான ஒட்டுச் சோதனை நிற்கிறது. 1895-இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசப் யாடசோன் பாதரசப் பூச்சில் புண்பட்ட நோயாளிகளிடம் இதைத் தொடங்கினார். சந்தேகத்துக்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி வைக்கிறார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். 96 மணியில் இன்னொரு முறை பார்க்கிறார்கள். முதல் பார்வையில் சிவந்திருந்து இரண்டாவதில் வடிந்திருந்தால் அது சுடுபுண் பக்கம் சாய்கிறது. இரண்டாவதில் தடித்து ஏறியிருந்தால் ஒவ்வாமை. ஒரே பார்வையோடு நிறுத்திவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தோலுக்குள் நடப்பது

நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். ஏறத்தாழ 5. நீற்றிய சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். 12-க்கு மேல். இந்த இரண்டும் சந்திக்கும்போது தோலின் கொழுப்பு கரைகிறது, புரதம் குலைகிறது, அடியில் உள்ள செல்கள் செத்துவிழுகின்றன. சாகும் செல்கள் விடும் அபாயக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு இரத்தம் அந்த இடத்துக்குப் பாய்கிறது; சிவக்கிறது, வீங்குகிறது. வேதியியல் முடிந்ததும் கதையும் முடிகிறது. உடல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

சேராப்பொருள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறு. எடை 500 டால்டனுக்குள் இருந்தால்தான் தோலின் மேலடுக்கை எளிதில் கடக்கும். அவ்வளவு சிறியதை நம் எதிர்ப்புச் செல்கள் தனியாக அடையாளம் காண்பதில்லை. அது தோலின் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புரதத்தோடு வினைபுரியும் திறன்தான் ஒவ்வாமையூட்டும் திறனுக்கு அடிப்படை என்று கார்ல் லாண்ட்ஸ்டைனரும் ஜான் ஜேக்கப்ஸும் 1930-களில் காட்டினார்கள். இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர்தான். ஒட்டிக்கொண்ட அந்த உருமாறிய புரதத்தைத் தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக உடலில் தங்கிவிடுகின்றன. 1942-இல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் ஒவ்வாமை உள்ள கினிப்பன்றியின் வெள்ளை அணுக்களை மற்றொன்றுக்குச் செலுத்தி, ஒவ்வாமையையும் சேர்த்தே கடத்திக் காட்டினார்கள். நினைவு செல்லில்தான் இருக்கிறது என்பது அன்று உறுதியானது.

உள்ளே இவ்வளவு வேறுபாடு இருந்தும் வெளியே இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வீக்கம். தோல் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் பல வேளைகளில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. எனவேதான் ஆய்வகத்தின் வேலை கடினமாகிறது.

முயலின் முதுகும் சுண்டெலியின் காதும்

சுடுபொருளைச் சோதிக்க 1944-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்சும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு முறையை வகுத்தார்கள். முயலின் முதுகில் முடியை மழித்து, பொருளைப் பூசி, சிவப்புக்கு 0 முதல் 4, வீக்கத்துக்கு 0 முதல் 4 என்று மதிப்பெண் போட்டார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பொருள் தோலைக் கெடுக்கிறதா? பூசு, காத்திரு, பார். நினைவு பற்றிய பேச்சே இல்லை.

சேராப்பொருளுக்கு இந்தச் சோதனை உதவாது. ஒருமுறை பூசினால் ஒவ்வாமை வெளிப்படாது. முதலில் உடலுக்கு அறிமுகப்படுத்த வேண்டும், இடைவெளி விட வேண்டும், மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். பெர்டில் மாக்னுசனும் ஆல்பர்ட் கிளிக்மனும் 1969-இல் வெளியிட்ட கினிப்பன்றிச் சோதனை இப்படித்தான் அமைந்தது. அதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அறிமுகப் பகுதியில் பொருள் தானாகச் சுடாவிட்டால், சலவைத்தூளின் மூலப்பொருளான சோடியம் லாரில் சல்ஃபேட்டை முந்தைய நாளே பூசி வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்குவார்கள். காயம் பட்ட தோலில்தான் ஒவ்வாமை எளிதில் வேர்விடும். பிந்திய சோதனைப் பகுதியிலோ, கொஞ்சமும் சுடாத அளவைத் தேடிப்பிடித்துப் பூசுவார்கள். அப்போது தோல் சிவந்தால் அது நினைவின் வேலை என்று நம்பலாம். முன்பாதியில் எரிச்சல் வேண்டும், பின்பாதியில் எரிச்சல் கூடாது என்ற இந்த ஏற்பாட்டிலேயே இரண்டின் உறவும் பகையும் எழுதப்பட்டிருக்கின்றன.

அடுத்து வந்தது சுண்டெலியின் நிணநீர் முடிச்சுச் சோதனை. இங்கிலாந்தின் இயன் கிம்பரும் அவர் குழுவினரும் 1980-களில் உருவாக்கியதைப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2002-இல் தன் 429-ஆம் சோதனை வழிகாட்டியாக ஏற்றது. எலியின் காதின் பின்புறம் மூன்று நாள் பூசுவார்கள். ஆறாம் நாள் காதையொட்டிய முடிச்சில் செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று அளப்பார்கள். கரைப்பானை மட்டும் பூசிய எலியைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ பெருகியிருந்தால் பொருள் ஒவ்வாமையூட்டி. வெளிச் சிவப்பைக் கண்ணால் மதிப்பிடும் வேலை போய், உள்ளே நடக்கும் பெருக்கத்தை எண்ணால் அளக்கும் வேலை வந்தது. இது பெரிய முன்னேற்றம்.

இரண்டு பிழைகள்

அந்த முன்னேற்றத்துக்குள்ளும் இரண்டு பிழைகள் வெளிப்பட்டன. இந்த ஒப்பாய்வின் மையம் அவைதான்.

முதல் பிழை: சோடியம் லாரில் சல்ஃபேட். தோல் மருத்துவர்கள் சுடுபொருளுக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது முதலில் சொல்வது இதைத்தான். மனிதரிடம் இது ஒவ்வாமை உண்டாக்குவதாகக் கருதப்படுவதில்லை. ஆனால் சுண்டெலிச் சோதனை இதை ஒவ்வாமையூட்டி என்று காட்டியது. கடுமையான எரிச்சலும் முடிச்சில் செல்களைப் பெருக்கும். எண் மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. அதனால்தான் அந்த வழிகாட்டி, எலியின் காது 25 விழுக்காட்டுக்கு மேல் தடித்தால் அந்த அளவைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கிறது.

இரண்டாம் பிழை: நிக்கல். உலகில் மிகப் பரவலான தொடுஒவ்வாமைகளில் ஒன்று நிக்கல் தருவது. அதைச் சுண்டெலிச் சோதனை பெரும்பாலும் தவறவிட்டது. காரணம் 2010-இல் ஜெர்மானிய ஆய்வாளர்களால் வெளிவந்தது. நம் செல்களின் மேல் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. மனித ஏற்பியில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அமைந்திருக்கிறது. நிக்கல் அங்கே பற்றிக்கொண்டு அபாய மணியை அடிக்கிறது. சுண்டெலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. மனித ஏற்பியை எலிக்குக் கொடுத்தபோது எலிக்கும் நிக்கல் ஒவ்வாமை வந்தது. இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை சுண்டெலியிடம் கேட்கும் கேள்விக்கு நம்மைப் பற்றிய பதில் கிடைக்காது.

ஒன்றில் சுடுபொருள் சேராப்பொருளின் வேடத்தில் வந்தது. மற்றொன்றில் சேராப்பொருள் குற்றமற்றது என்று தப்பித்துப் போனது.

கண்ணாடிக் கிண்ணத்தில் தோல்

ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை 2009 முதலும், அப்படிச் சோதித்தவற்றின் விற்பனையை 2013 முதலும் தடை செய்தது. இந்தியா 2014 மே மாதம் அழகுசாதனங்களுக்கு விலங்குச் சோதனையைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் விலங்குகளிடம் சோதித்த அழகுசாதனங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கு மாற்று வழிகளைப் பரப்புவதற்கென்றே மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. இந்தத் தடைகள் உயிரிரக்கத்தால் வந்தவை. அவை அறிவியலுக்கும் நல்லது செய்தன: ஒரே விலங்கிடம் எல்லாவற்றையும் கேட்காமல், ஒவ்வொரு கேள்வியையும் தனியாகக் கேட்கும் கட்டாயம் வந்தது.

சுடுபொருளுக்கான புதிய சோதனை, 2010-இல் வந்த ஓ.இ.சி.டி.யின் 439-ஆம் வழிகாட்டி. மனிதத் தோல் செல்களைக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, மேலே பொருளைப் பூசிக் கழுவி, 42 மணி நேரம் விட்டு வைத்து, பிறகு உயிரோடு இருக்கும் செல்களை ஒரு சாயத்தால் அளக்கிறார்கள். உயிருள்ளவை 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆனால் பொருள் சுடும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒப்பீட்டுக்கு வைப்பது சோடியம் லாரில் சல்ஃபேட்டின் 5 விழுக்காட்டுக் கரைசல். எலியிடம் வேடம் போட்ட பொருள் இங்கே தன் உண்மையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சேராப்பொருளுக்கு ஒரு சோதனை போதாது. படிக்கு ஒரு சோதனை வேண்டியிருந்தது. பொருள் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று சிறு புரதத்துண்டுகளோடு 24 மணி நேரம் கலந்து பார்க்கிறார்கள். தோல் செல் எச்சரிக்கை அடைகிறதா என்று ஒளிரும் செல்களை வைத்துப் பார்க்கிறார்கள். காவல் செல் விழித்துக்கொள்கிறதா என்று மனித இரத்தச் செல் வழி ஒன்றில் இரண்டு அடையாளப் புரதங்களை அளக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு சொல்லலாம் என்று 2021-இல் வந்த 497-ஆம் வழிகாட்டி அனுமதிக்கிறது.

மூன்றாவது சோதனையில் ஒரு விதி இருக்கிறது. செல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிழைத்திருக்கும் அளவு எது என்று முதலில் கண்டுபிடித்து, அதை ஒட்டியே பொருளைக் கொடுக்க வேண்டும். கூடினால் செல்கள் வெந்து செத்துவிடும். செத்த செல் நினைவைப் பற்றி எதுவும் சொல்லாது. சூட்டை அடக்கினால்தான் ஒவ்வாமையின் குரல் கேட்கும். நிக்கல் சல்ஃபேட் இந்த மனிதச் செல்லில் பிடிபடுகிறது. ஓர் ஆய்வகம் தன் திறமையை நிரூபிக்க முதலில் சோதித்துக் காட்ட வேண்டிய பொருள்களின் பட்டியலிலேயே அது இருக்கிறது. அதே பட்டியலில் ஒவ்வாமையூட்டாத பொருளாக லாக்டிக் அமிலம் இருக்கிறது. அடர்த்தி கூடினால் தோலைப் பொசுக்கும் அமிலம் அது. சுடும் என்பதற்காகச் சேராப்பொருள் ஆகிவிடாது என்று அந்தப் பட்டியல் அமைதியாகச் சொல்கிறது.

சிமெண்டில் இரண்டும்

இனி செக்காலை வீட்டுக்குத் திரும்புவோம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்ப்பூச்சு சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்பின் வலு அதன் காரத்தில் இருக்கிறது, அது சுடுபொருள். ஆத்தங்குடிக் கல்லுக்கும் இன்றைய கட்டடத்துக்கும் சிமெண்ட் வேண்டும். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கைத்தொழிலில் சிமெண்டும் ஈரமும் கையை விட்டுப் பிரிவதே இல்லை.

சிமெண்டுக்குள் இரண்டு ஆபத்தும் ஒரே மூட்டையில் இருக்கின்றன. முதலாவது காரம். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, நனைந்தால் பி.எச். 12 முதல் 13. இரண்டாவது குரோமியம். மூலக் கல்லிலும் களிமண்ணிலும் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம், 1,450 டிகிரி சூளையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட்டாக மாறுகிறது. அது தண்ணீரில் கரையும், தோலைக் கடக்கும், உள்ளே போய்ப் புரதத்தோடு சேரும். ஐரோப்பா அனுமதிக்கும் எல்லை பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஐம்பது கிலோ மூட்டையில் அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். முதல் ஆபத்து முப்பது கிலோ எடையில் இருக்கிறது. இரண்டாவது சிட்டிகைக் கணக்கில் இருக்கிறது. சித்தாளைச் சுட்டது அந்த முப்பது கிலோ. கொத்தனாரைப் பிடித்தது அந்தச் சிட்டிகை.

இரண்டும் தனித்தனியாகவும் இயங்குவதில்லை. காரம் தோலின் கதவை உடைக்கிறது. உடைந்த கதவு வழியே குரோமேட் நுழைகிறது. கினிப்பன்றிச் சோதனையில் வேண்டுமென்றே செய்ததைச் சிமெண்ட் தானாகவே செய்கிறது. இன்று கை சுட்டுக்கொள்ளும் சித்தாள்தான் நாளை ஒவ்வாமை வந்த கொத்தனார் ஆகும் வாய்ப்பு அதிகம். சுடுபுண்ணை 'இது சாதாரண எரிச்சல்' என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

டென்மார்க்கில் 1981 முதல் சிமெண்டில் இரும்பு சல்ஃபேட் கலந்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் அன்னபேதி என்கிற அதே உப்புதான். அது ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் ஆக்கிவிடுகிறது. அந்த வடிவம் சிமெண்ட் நீரில் கரையாது, தோலையும் எளிதில் கடக்காது. 1983-இல் டென்மார்க்கும் 2005-இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதைச் சட்டமாக்கின. டென்மார்க் கட்டடத் தொழிலாளரிடம் குரோமேட் ஒவ்வாமை தெளிவாகக் குறைந்தது. சிமெண்டின் காரத்தால் வரும் சுடுபுண் குறையவில்லை. சேராப்பொருளை மட்டும் எடுத்துவிட்டால் சுடுபொருள் தன் வேலையைத் தொடரும் என்று ஒரு நாடே சோதித்துக் காட்டியது போல் ஆயிற்று.

முலாம் தொட்டியில் நிக்கல்

இதே காரைக்குடிக்கு நிக்கலோடு நெருங்கிய தொடர்பு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஊர் அதைச் சிக்ரி என்று அழைக்கிறது. மின்முலாம் பூசுவது அந்தத் துறையின் அடிப்படைக் கலைகளில் ஒன்று.

முலாம் பட்டறையிலும் இரண்டு ஆபத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உலோகத்தைக் கழுவும் அமிலமும் காரமும் சுடும். நிக்கல் தொட்டியில் உள்ள நிக்கல் சல்ஃபேட்டும் நிக்கல் குளோரைடும் சேராமல் போகலாம். முலாம் பூசுவோரின் கைப்புண்ணைப் பெர்லின் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ 1889-இல் விவரித்தார். அதை நிக்கல் ஒவ்வாமை என்று ஒட்டுச் சோதனையால் காட்ட 1925 வரை ஆயிற்று. அமிலமும் காரமும் புழங்கும் இடத்தில் நிக்கலின் தடம் கண்ணுக்குத் தப்புவது எளிது.

முலாம் பட்டறையைத் தாண்டி நிக்கல் நம் வீட்டுக்கும் வருகிறது. பல கவரிங் நகைகளில் மேலே தங்க முலாம், அதன் கீழே நிக்கல் அடுக்கு. தங்கம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைக்கிறது. காதுமடல் ஊறுகிறது, நீர் வடிகிறது. 'வெயிலுக்கு வெந்துவிட்டது' என்று எண்ணெய் தடவுகிறோம். தோடு அங்கேயே இருக்கும்வரை அந்த எண்ணெய் பயன்படாது. ஐரோப்பாவில் தோலோடு நாள்பட ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர செண்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று 1994-இல் விதித்தார்கள். இத்தகைய பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று அந்த வரம்பு கேட்கவில்லை. எவ்வளவு வெளியே வருகிறது என்றே கேட்டது. நிக்கல் கலந்த எவர்சில்வர் பாத்திரத்தைத் தினமும் தொட்டும் பெரும்பாலோருக்குத் தொல்லை வராததன் காரணம், அதிலிருந்து வெளியே வரும் நிக்கல் மிகக் குறைவு என்பதே.

ஒப்பீட்டின் முடிவு

சுடுபொருள் யாரையும் சுடும், அளவு கூடினால் சுடும், உடனே சுடும், மறந்துவிடும். சேராப்பொருள் சிலரைத் தேர்ந்தெடுக்கும், சிற்றளவிலும் பிடிக்கும், தாமதமாக வரும், மறக்காது. முதலாவதற்குப் பரிகாரம் அளவைக் குறைப்பது. இரண்டாவதற்குப் பரிகாரம் அந்தப் பொருளையே அடையாளம் கண்டு விலக்குவது. ஒரே சோதனையால் இரண்டையும் கேட்க முயன்ற இடங்களிலெல்லாம் பதில் தவறியது. தனித்தனியாகக் கேட்ட இடங்களில் பதில் தெளிந்தது. ஆய்வகத்துக்கு உள்ள இந்தப் பாடம் நம் வாசலுக்கும் பொருந்தும்.

தலைச்சாயத்தைக் காதுக்குப் பின்னால் தடவி அரை மணி நேரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு செய்பவர், சூட்டை மட்டும் சோதித்திருக்கிறார். சாயத்தில் உள்ள பாரா-ஃபீனைலீன்டையமீன் உலகறிந்த ஒவ்வாமையூட்டி. அதன் பதில் கிடைக்க இரண்டு நாளாவது பொறுக்க வேண்டும். மலிவான ரப்பர் கையுறையில் ரப்பரைப் பதப்படுத்தக் கலக்கும் தையூரம் போன்றவை தாமே ஒவ்வாமையூட்டிகள். சிமெண்ட் வேலைக்கு நைட்ரைல் கையுறை நல்லது. கையுறைக்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளே தங்கிய ஈரச் சிமெண்ட் வெறுங்கையை விட மோசமாகச் சுடும். சிமெண்ட் ஆலைகள் அன்னபேதி கலப்பதையும், அதன் வீரியம் எந்தத் தேதி வரை நிற்கும் என்று மூட்டையில் அச்சிடுவதையும் நம் நாட்டுத் தொழிலாளரின் உரிமையாக நாம் கேட்க வேண்டும். செலவு சிறிது, அதனால் காப்பாற்றப்படுவது ஒரு கொத்தனாரின் தொழில்.

மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ போய் நிற்கும்போது 'அலர்ஜி' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எதைத் தொட்டீர்கள், தொட்டு எத்தனை மணி நேரம் கழித்துச் சிவந்தது, எரிந்ததா அரித்ததா, இதற்கு முன் எத்தனை ஆண்டு அதைத் தொட்டு வந்தீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். சுட்டதா, சேரவில்லையா என்று பிரித்தறிய மருத்துவருக்கு முதலில் வேண்டியவை அவைதான்.